பெட்டியில் போன கோட்டு

நம்ம வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளில் ஷார்ஜாவிலோ துபாயிலோ பஹ்ரைனிலோ அப்பா அம்மாவோடு ஒற்றை ரூமில் வளர்ந்த பிள்ளைகள் நாம். இப்போது எல்லோருக்கும் தலை நரைத்து, முட்டி வலித்து, பேரப்பிள்ளைகளின் போட்டோவை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்டு கிடக்கிறோம். போன மாதம் அந்தக் காலத்துச் சினேகிதி ஒருத்தி போனில் கேட்டாள்: "ஏழாங்கிளாஸ் பாதியில காணாமப் போயிட்டியே, என்னடி ஆச்சு உனக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான். "எங்கம்மா பகட்டுக்கு ஒரு கோட்டை ஊருக்கு அனுப்புனாங்க. அதோட என் படிப்பு போச்சு." கல்யாணம் பேச வந்தவர்களிடம் அப்படித்தான் சொன்னேன், பெற்ற பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன். அவளிடமும் அதையே சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு ரெண்டு நாள் சோறு சரியாக இறங்கவில்லை. அதனால் இன்றைக்கு முழுசையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். பெருமை பீற்றுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் மூன்று மாடிக்கு ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். கரூரில் ஒன்று, தஞ்சாவூரில் ஒன்று. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஒரு தையல் மெஷினை மிதித்து மிதித்தே மூன்று மாடியும் ஏறினேன். பட்டம் வாங்கிய பதினேழு பிள்ளைகள் என்னை "மேடம்" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு ஆள் கடைக்குள் நுழைந்து நாலு எட்டு வைப்பதற்குள் அவர் தோள் என்ன அளவு, இடுப்பு என்ன அளவு, உள்ளதைவிட எவ்வளவு கூட்டிக் காட்ட ஆசைப்படுகிறார், எல்லாம் சொல்லிவிடுவேன். அந்தக் கடைசிக் கணிப்பை நான் படித்தது ஷார்ஜாவின் ரோலாவில்.

ரோலாவில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், கீழே துணிக்கடையும் மேலே நாலு மாடியும் உள்ள கட்டடம். மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டை மூன்று குடும்பம் பங்கு போட்டிருந்தோம். எங்கள் பங்கு ஹாலில் பாதி. மீதிப் பாதியில் யாழ்ப்பாணத்து ஆன்ட்டியும் அவர் வீட்டுக்காரரும். நடுவில் ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பக்கம் அங்கிள் தும்மினால் இந்தப் பக்கம் அம்மா "நூறு வயசு" என்பாள். கீழே நாள் முழுக்க "துபாய், துபாய், துபாய்" என்று ஆள் பிடிக்கிற சத்தம். ஜன்னலைத் திறந்தால் டீசலும் சாம்பிராணியும் பொரித்த மீனும் சேர்ந்த ஒரு வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் பட்டால் எனக்குப் பன்னிரண்டு வயசு.

அப்பா ஒரு கட்டட கம்பெனியில் டிரைவர். குடும்பத்தோடு இருக்கிறவர் என்று கம்பெனி ரூம் வாடகை கொடுத்தது. அம்மா காலையில் ஒரு வெள்ளைக்கார மேடம் வீட்டுக்கு வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புவாள். துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, தரை துடைப்பது. ஊரில் அம்மா "ஆபீஸ்ல" வேலை பார்ப்பதாகப் பேச்சு. அந்தப் பொய்யை முதலில் யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. எனக்கு விவரம் தெரிந்தபோது அது வீட்டில் பாத்திரம் பண்டம் மாதிரி ஏற்கனவே இருந்தது.

அந்த ஊரில் இலை உதிராது. உதிர்வதற்கு மரம் எங்கே இருந்தது? அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலையில் வாசல் கைப்பிடியைத் தொட்டால் சுடாது. அதுதான் வெயில்காலம் முடிந்ததற்கு அடையாளம். ஏசியை நிறுத்துவார்கள். ஆறு மாதமாகக் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது நின்றுபோனதும் கட்டடம் முழுக்க மனிதக் குரலாகக் கேட்கும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் குழந்தை அழுகிறது, எல்லாம் தெரியும். அந்த வாரத்தில்தான் மேடம் வீட்டில் அலமாரி உதிரும். லீவுக்குத் தன் நாட்டுக்குப் போய்வந்த மேடம் புதுசாக வாங்கியதை மாட்ட இடம் இல்லாமல் பழசை எல்லாம் கறுப்புப் பைகளில் போட்டு அம்மாவிடம் கொடுப்பாள்.

அந்த வருஷம் மூன்று பை. லிஃப்ட் ஓடவில்லை. அம்மா ரெண்டு கையில் ரெண்டு பை, தலையில் ஒன்று என்று ஏறி வந்தாள். பையைப் பிரித்ததும் ஒரு குளிர் வாசனை வந்தது. பாச்சா உருண்டையும், என்னமோ ஒரு சோப்பும், மூடியே கிடந்த அலமாரியின் இருட்டும். அதற்குள் கையை விட்டால் வெல்வெட், கம்பளி, பட்டன் பட்டனாக ஏதேதோ. கையை வெளியே எடுக்க மனசு வராது.

அம்மா தரையில் பழைய லுங்கியை விரித்துத் தரம் பிரிப்பாள். ஒன்று ஊர்க் குவியல், இன்னொன்று நம்ம குவியல். கறை இல்லாமல், பட்டன் விழாமல், காலர் தேயாமல் இருப்பதெல்லாம் ஊர்க் குவியல். முழங்கை நூல் விட்டது, ஜிப் கெட்டது, டீக்கறை பட்டது எல்லாம் நம்ம குவியல். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு நல்லது, நமக்கு மிச்சம்.

"நல்லதுல ஒன்னாவது எனக்குக் குடும்மா."

"நாம இங்க யாருக்குடி காட்டணும்? நம்மள யாரு பார்க்குறா?"

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டி சிரித்தார். "எங்கடை ஆக்களும் உப்பிடித்தான் பிள்ளை. நாங்கள் இஞ்சை கிழிஞ்சதைப் போட்டுக்கொண்டு அங்கை மினுக்கிக் காட்டுவம்."

நான் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. நம்ம குவியலில் விழுந்ததை வைத்து நான் பண்ணிய அலங்காரம் கொஞ்சமா? மேடத்தின் வீட்டுக்காரர் கழித்த டையை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டினேன். ஆம்பளை வெயிஸ்ட்கோட்டைப் பூப்போட்ட பாவாடைக்கு மேல் போட்டேன். கை நீளமான சட்டையை மூன்று மடிப்பு மடித்து, மடிப்பில் ஊக்கைத் தெரியும்படியே குத்தினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு ரோலா கடைத்தெருவில் நான் அப்படி நடந்துபோனால் நகைக்கடைக்காரன் எட்டிப் பார்ப்பான். இன்றைக்கு என் கடையில் அதையே பொம்மைக்குப் போட்டுக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறேன். பிள்ளைகள் போட்டி போட்டு வாங்குதுகள். பன்னிரண்டு வயசில், யாரும் சொல்லித்தராமல், நான் போட்டது அது.

அந்த மூன்றாவது பையின் அடியில்தான் கோட்டு இருந்தது.

ஒட்டக நிறம். கம்பளி. முட்டிக்குக் கீழே வரும். ரெண்டு வரிசையில் கொம்பு மாதிரி பட்டன், எட்டும் இருந்தது. உள்ளே வழுவழுவென்று அரக்கு நிற லைனிங். மேடத்தின் மகள் வளர்ந்துவிட்டதால் கழித்தது. போட்டுப் பார்த்தேன். தோளில் சரியாக உட்கார்ந்தது. இடது பையில் கையை விட்டால் சருகாக ஒரு இலை. விரித்த உள்ளங்கை மாதிரி ஐந்து முனை, செம்பு நிறம், நரம்பெல்லாம் தெளிவாக. எந்த நாட்டு மரமோ, அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் பொறுக்கியதோ. ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்தேன்.

ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "ஒருக்காத் திரும்பு பாப்பம். ஐயோ, என்ன வடிவு! மகாராணி மாதிரியெல்லோ நிக்கிறாய்!"

அம்மா கோட்டைத் தடவிப் பார்த்தாள். கறை இல்லை. பட்டன் முழுசு. "ஊருக்கு" என்றாள்.

அதே வாரம் அப்பா ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சைட்டெல்லாம் முடிஞ்சிருச்சாம். பாதிப் பேர ஊருக்கு அனுப்புறான். என்னைய ராஸ் அல் கைமா குவாரிக்கு மாத்திட்டான். கேம்ப்புல படுத்துக்கணும். ஃபேமிலி ரூமெல்லாம் கலாஸ், இனிமே கிடையாதுன்னு சொல்லிட்டான்."

"எப்ப வரைக்கும்?"

"டிசம்பர்."

கேம்ப்பில் ஆம்பளைகள் மட்டும்தான். மேடம் தன் வீட்டுக் கொல்லைப்பக்க ரூமில் அம்மாவைத் தங்கவைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அங்கேயிருந்து என் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் கிடையாது. ஸ்கூல் ஃபீஸ் கட்டவும் இனி முடியாது. ஊரில் எங்களுக்கென்று வீடு கிடையாது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலும் ஆள் இல்லை. இருந்தது புதுக்கோட்டையில் பெரியப்பா ஒருத்தர்தான், அப்பாவுக்கு மூத்தவர். அவர் வீட்டுக்கு எதிர்ச் சாரியிலேயே பெண்கள் பள்ளிக்கூடம். மணி அடித்தால் அவர் வீட்டுத் திண்ணையில் கேட்கும். என்னை அங்கே அனுப்பி, அங்கேயே சேர்ப்பது என்று முடிவானது. பெரியப்பா சரியென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

நான் படிப்பில் எப்படி என்று கேட்கிறீர்களா? மற்றதெல்லாம் சுமார். ஜாமெட்ரியில் என்னை அடிக்க ஆள் கிடையாது. காம்பஸ் வைக்காமலே வட்டம் போடுவேன், டீச்சர் வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். "நீ கட்டடம் வரையிற வேலைக்குப் போகலாம்" என்று ஒரு நாள் சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை.

அப்பா உட்கார்ந்து லெட்டர் எழுதினார். எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினார். ரூம் போன விஷயம், கேம்ப், எல்லாம் ஒளிக்காமல் எழுதியிருந்தார். "அண்ணே, இந்த ஒரு தடவை கைகொடுக்கணும். பிள்ளை படிப்பு நின்னுபோகக் கூடாது." அம்மா கேட்டுக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். ஆனால் அவள் கை அட்டைப்பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டே இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருத்தர் லீவில் போகிறார், அவரிடம் கொடுத்துவிடப் போகிற பெட்டி. பால் பவுடர் டின், சோப்பு, தைல பாட்டில், டார்ச் லைட். மேலே ஊர்க் குவியல் மொத்தமும். அதற்கும் மேலே கோட்டு.

அப்பா பார்த்தார். "ஏய், கஷ்டம்னு லெட்டர் எழுதிட்டு கோட்டு அனுப்புனா என்னடி நினைப்பாங்க?"

"கோட்டு அனுப்பலைன்னா என்ன நினைப்பாங்க? வெறும் லெட்டரை அனுப்பிட்டு எம்பிள்ளையை அனுப்பச் சொல்றீகளா? பிச்சைக்காரன் வீட்டுப் பிள்ளை மாதிரியா போவா? மதிப்பா போனாத்தான் மதிப்பா வச்சுக்குவாக."

"ஒரு தடவை உள்ளதைச் சொல்லிப் பார்ப்போமே."

"லெட்டர்ல சொல்லியிருக்கீகல்ல. போதும்."

அப்பா லெட்டரை மடித்து சோப்பு அட்டைக்குள் செருகினார். உண்மையும் பகட்டும் ஒரே பெட்டியில் ஏறியது இப்படித்தான். இதைத்தான் அம்மாவின் தப்பு என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன்.

பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நல்ல துணி ஊருக்குப் போகுமுன் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் ஒரு படம். துணியும் படமும் சேர்ந்தே போகும். பார்க்கிறவர்கள் இவர்கள் தினமும் இதைத்தான் உடுத்துகிறார்கள், அதில் ஒன்றைக் கழற்றி நமக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

ரோலாவில் ஒரு மலையாளி ஸ்டூடியோ. பின்னால் பனிமலை வரைந்த திரை. லைட் போட்டதும் கம்பளிக்குள் முதுகு முழுக்க வேர்த்து ஓடியது.

"மோளே, ஒன்னு சிரிக்கூ."

நான் சிரிக்கவில்லை. ரெண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, தாடையைத் தூக்கினேன். மேடம் கார் பக்கத்தில் நிற்பது மாதிரி. மலையாளி கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அம்மே, இது வலிய ஆளாணல்லோ" என்றான். பெரிய ஆளாம் நான். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

இனி சொல்லப்போவது யாருக்கும் தெரியாதது.

அதற்கு முந்தைய வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தோம். பெரியப்பா மகள், என்னைவிட ஒரு வயசு சின்னவள், தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அக்கா, உங்கம்மா அங்க வெள்ளைக்காரி வீட்டுல பாத்திரம் கழுவுறாகளாமே? எங்கம்மா சொன்னாக." மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சில்லை வீசிவிட்டு வீட்டுக்குள் போனேன். ஒரு வருஷமாகச் சொல்லாத பதில் எனக்குள் கிடந்து புழுத்துக்கொண்டிருந்தது.

போட்டோ வந்த அன்று அம்மா குளிக்கப் போன நேரத்தில் அதைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்:

"தங்கச்சிக்கு. இது மாதிரி என்னிடம் இன்னும் நாலு கோட்டு இருக்கிறது. இது பழசு, நீ போட்டுக்கொள். எனக்குத் தனி ரூம். எங்கள் வீட்டில் வேலைக்காரி இருக்கிறாள்."

எழுதியதும் என்ன நிம்மதி! கவரில் போட்டு, நானே எச்சில் தொட்டு ஒட்டி, கோட்டுப் பையில் வைத்தேன். பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் பெரியப்பா பேரையும் புதுக்கோட்டை விலாசத்தையும் எழுதியதும் நான்தான். கயிறு கட்டும்போது முடிச்சில் விரல் வைத்தவளும் நான்தான்.

அந்தக் கோட்டை மறுபடி நான் பார்த்தது பதினோரு வருஷம் கழித்து. பெரியப்பா வயலில் மோட்டார் ரூமுக்குக் கூரை ஒழுகியது. மோட்டார் நனையாமல் இருக்க மேலே ஒரு துணியைப் போட்டிருந்தார்கள். கிரீஸ் படிந்து நிறமே தெரியவில்லை. ரெண்டு பட்டன் மிச்சம் இருந்தது. புதுக்கோட்டை வெயிலுக்கு யார் கம்பளிக் கோட்டு போடுவார்கள்? என் படம் மட்டும் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பனிமலைக்கு முன்னால் தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றது. "கழட்டித் தரவாக்கா?" என்று தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்றேன். கழற்றினால் பின்பக்கம் தெரியும்.

பெட்டியை அனுப்பிவிட்டு அந்த நவம்பர் முழுக்கக் காத்திருந்தோம். நல்ல பருவம் அது. சாயங்காலம் காற்றில் உப்பு வாசனை வரும். எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பார்கள். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போய்வந்து, "லெட்டர் வந்துச்சாம்மா?" என்பேன். புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் என்ன கலர் யூனிபார்ம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நீலமாக இருந்தால் மேடத்தின் பழைய நீல ஸ்கர்ட் ஒன்று நம்ம குவியலில் இருக்கிறது, ஜிப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

லெட்டர் வரவில்லை. கேசட் வந்தது. ஊரிலிருந்து திரும்பிய ஒருத்தர் ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். எழுதச் சோம்பல்படுகிறவர்கள், பேசி அனுப்பினால் குரலாவது கேட்குமே என்று நினைக்கிறவர்கள், எல்லோரும் அப்போது கேசட்தான். எங்களிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. ஆன்ட்டி தன்னுடையதைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, தானும் உட்கார்ந்தார். அங்கிளும் வந்து பலகையில் சாய்ந்து நின்றார். அம்மா எல்லோருக்கும் டீ போட்டாள். பண்டிகை மாதிரி இருந்தது.

முதலில் கரகரவென்று சத்தம். காக்கா. எங்கேயோ குக்கர் விசில். அப்புறம் பெரியப்பா.

"ஓடுதா? ... செவப்பு லைட்டு எரியுதா பாரு ... ஆங். தம்பி, நல்லா இருக்கியா? நாங்கல்லாம் நல்லா இருக்கோம். பெட்டி வந்து சேர்ந்துச்சு. சாமானெல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு. உங்க அண்ணிக்கு அந்தச் சோப்பு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள்.

"உன் லெட்டரையும் படிச்சேன். படிச்சிட்டு எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. ரூம் போச்சுங்கிற, பிள்ளையை வச்சுப் படிக்கவைங்கிற. சரி, பாவம்னுதான் நினைச்சேன். அப்பறம் போட்டோவைத் திருப்பிப் பார்த்தா உம்மக எழுதியிருக்கா. இரு, வாசிக்கிறேன்."

வாசித்தார். நாலு கோட்டு. தனி ரூம். வேலைக்காரி. ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாசிப்பது மாதிரி. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் டேப்பில் விழுந்திருந்தது.

"பிள்ளை பொய் சொல்லாது தம்பி. நீதான் கூடப்பொறந்தவன்கிட்டயே பஞ்சப்பாட்டுப் பாடுற. நாங்க எங்க உதவி கேட்டுருவோமோன்னு முந்திக்கிட்டே. அப்படித்தானே?"

பெரியம்மா குரல் நடுவில் புகுந்தது: "தனி ரூம்ல படுத்த பிள்ளை எங்களோட பாயில படுக்குமாப்பா? நாளைக்குக் குறை சொன்னா எங்களுக்குத்தான கெட்ட பேரு. மாடியில ஒரு ரூம் கட்டிக் குடுங்க, ராணி மாதிரி வச்சுக்கிறோம்."

கடைசியில் தங்கச்சி. டேப்புக்கு ரொம்பக் கிட்டே வாயை வைத்துப் பேசியிருந்தாள். மூச்சே சூடாகப் பட்ட மாதிரி இருந்தது. "அக்கா, கோட்டு நல்லா இருக்கு. நாலு வச்சிருக்கியே, இன்னொன்னு குடுத்துவிடுறியா?"

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். ஆன்ட்டி மெதுவாகக் கையை நீட்டி நிறுத்தினார். அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கை ஓங்கிவிட்டது. எனக்கு எழுந்து ஓடக்கூடத் தெரியவில்லை.

"அவளை அடிக்காதீக" என்றாள் அம்மா. "நான்தான் எழுதச் சொன்னேன்."

"நீயா?"

"நான்தான். மதிப்பா இருக்கும்னு சொல்லி எழுதச் சொன்னேன். பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அறை அவள் மேல் விழுந்தது. டீ டம்ளர் உருண்டு போய்ப் பலகையில் முட்டி நின்றது. ஆன்ட்டி, "ஐயோ, என்ன இது, விடுங்கோ, விடுங்கோ" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அம்மா அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. துணியைக் கையில் எடுத்து எந்தக் குவியலில் போடலாம் என்று பார்ப்பாளே, அப்படி.

நான் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பரில் அப்பா கேம்ப்புக்குப் போனார். அம்மாவும் நானும் மேடம் வீட்டுக் கொல்லைப்பக்க ரூமுக்குப் போனோம். பள்ளிக்கூடத்திலிருந்து சர்டிபிகேட் வாங்க அம்மா மட்டும் போனாள். ஜாமெட்ரி பாக்ஸ் அந்த இடமாற்றத்தில் எங்கேயோ போய்விட்டது, இலையோடு. மேடம், "சத்தம் போடாம இருந்தா பிள்ளையும் இருக்கட்டும்" என்றாளாம். சத்தம் போடாமல் இருந்தேன். மேடம் வீட்டுத் துணிக்கு விளிம்பு அடித்தேன், பிறகு அவள் சினேகிதிகள் வீட்டுத் துணிக்கும். காம்பஸ் இல்லாமல் வட்டம் போட்ட கை கத்தரிக்கோலில் பழகியது. அடுத்த வருஷம் ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கடுத்த வருஷம் என்றார்கள். பிறகு எனக்கே வயசு கூடிவிட்டது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம்.

அப்பா சாகிறவரைக்கும் எந்தச் சண்டையிலும் கடைசியில் அந்தப் போட்டோவுக்குத்தான் வருவார். "எழுதச் சொன்னவதானே நீ? எம்பிள்ளை படிப்பைக் கெடுத்தவதானே?" அம்மா ஒரு தடவைகூட என் பக்கம் கையைக் காட்டவில்லை. வருஷம் போகப் போக என்ன ஆயிற்று தெரியுமா? நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். முதல் கடை திறந்த அன்று ரிப்பன் வெட்டிவிட்டு, வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "எங்கம்மா பகட்டால படிக்காமப் போனேன், அந்தக் கோபத்துலதான் இவ்வளவும் பண்ணேன்." எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்துக் கொடுத்த சேலை. அவளும் கை தட்டினாள்.

அதற்கு அப்புறம் நாலு வருஷம் இருந்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு நாலு வருஷம் இருந்தது. கேட்கவில்லை.

இதெல்லாம்கூட ஆறிவிடும். ஆறாதது ஒன்று இருக்கிறது. அந்தக் கேசட் வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

ஊருக்குப் போகிற ஒருத்தர் கிடைத்தார். கேசட்டைப் புதுசாக வாங்குவதில்லை. வந்த கேசட்டிலேயே மேலே பதிந்து திருப்பி அனுப்புவதுதான் பழக்கம். பெரியப்பா பேசியது அழிய அழிய நாங்கள் பேச வேண்டும். ஆன்ட்டி டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். சிவப்பு பட்டனை அமுக்கினார்.

அப்பா குனிந்து பேசினார்: "அண்ணே, கேசட் கிடைச்சுச்சு. நீங்க சொல்றதும் சரிதான். பிள்ளை இங்கயே இருக்கட்டும். நாங்க நல்லா இருக்கோம்."

அம்மாவின் கன்னத்தில் வீக்கம் வற்றியிருந்தது. "அக்கா, சோப்பு இன்னும் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்" என்றாள்.

பிறகு டேப் ரெக்கார்டரை என் பக்கம் தள்ளினார்கள். சக்கரம் ரெண்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துதான் இருந்தது. "பெரியப்பா, நான் எழுதினது பொய். என்கிட்ட கோட்டே கிடையாது. என்னைச் சேர்த்துக்கங்க." இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அம்மா மேலே இருந்த பழியும் போயிருக்கும், எனக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்திருக்கும். அம்மா என் முகத்தையே பார்த்தாள். அவள் எனக்குச் சைகை எதுவும் காட்டவில்லை. காத்திருந்தாள்.

பாண்டிக் கட்டத்தைச் சுற்றி நின்று சிரித்த பிள்ளைகள் எல்லோரும் அந்த டேப்புக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி எனக்குத் தோன்றியது. முழங்கையில் நூல் விட்ட ஸ்வெட்டர்தான் போட்டிருந்தேன். அதை இழுத்துவிட்டுக்கொண்டு, தாடையைத் தூக்கினேன்.

"தங்கச்சி, இங்க குளிர ஆரம்பிச்சிருச்சு. அடுத்த பெட்டியில உனக்கு இன்னொரு கோட்டு அனுப்புறேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆன்ட்டி பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினார்.

"வடிவாக் கதைச்சிட்டாய் பிள்ளை" என்றார்.